கோலாரில் கிடைத்தது, தேவாரத்தில் நின்றது

எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரையில் இயற்பியல் படித்த எங்களுக்கு நியூட்ரினோ என்றால் பீட்டாச் சிதைவுப் பாடத்தின் கடைசிப் பத்தி. ஆற்றல் கணக்கு உதைத்தது. 1930-இல் பவுலி, கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாத ஒரு துகள் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கணக்கை நேராக்கினார். 1956-இல் ரைன்ஸும் கோவனும் அணு உலைக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக் காட்டினார்கள். பேராசிரியர் சொன்னார், நாங்கள் எழுதிக்கொண்டோம். கோலார் என்ற பெயர் அந்த வகுப்பில் ஒருமுறைகூட வரவில்லை.

வந்திருக்க வேண்டும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோவை உலகத்தில் முதலில் பார்த்த இரண்டு இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாக இறங்கினால், தரைக்கு 2.3 கிலோமீட்டர் கீழே, மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து கருவி வைத்திருந்தார்கள். எம்.ஜி.கே. மேனனும் பி.வி. ஸ்ரீகண்டனும் அந்தக் குழுவில் முக்கியமானவர்கள். அவர்களுடைய கட்டுரை 1965 ஆகஸ்ட் 15 அன்று அச்சில் வந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் குழுவினர் பிப்ரவரியிலேயே தடயத்தைப் பதிவு செய்திருந்தாலும், அவர்கள் கட்டுரை வெளியானது இரண்டு வாரம் கழித்துத்தான். அந்தக் கோலாரில் கூண்டில் ஏறி இறங்கிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். உலகச் சாதனை ஒன்று தமிழ்க் குடும்பங்களின் காலடியில் நடந்தது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துக்கு அது தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே சோதனைகள் நின்றன. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தையே மூடினார்கள். பம்புகள் நின்றதும் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். தேனி, போடி, தேவாரம் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து நியூட்ரினோ என்று சொல்லிப் பாருங்கள். அதைத் தெரியாதவர் இருக்க மாட்டார். சுவரொட்டியில் வந்தது, நடைபயணத்தில் வந்தது, தேர்தல் மேடையில் வந்தது. ஆராய்ச்சி நடந்த காலத்தில் அதை ஒருவரும் அறியவில்லை. எல்லாரும் அறிந்த காலத்தில் ஆராய்ச்சி நடக்கவில்லை. என் தலைமுறை இரண்டையும் பார்த்துவிட்டது. இதை எழுதுவதற்கு அந்த வருத்தம்தான் காரணம்.

நம் நாட்டில் மறுபடி ஒரு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் முதலில் நீலகிரியில் சிங்காராவுக்குப் போனது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம் என்பதால் 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அது சரியான முடிவு. அடுத்துத் தேர்ந்தது தேவாரத்துக்கு அருகே பொட்டிப்புரம். மலையைக் குடைந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, எந்தப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் பாறை மூடியிருக்கும் குகையில் 50,000 டன் காந்த இரும்பை அடுக்குவது என்று திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. இரண்டே மாதத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-இல் மத்திய அரசு தனி நேர்வாக மறுபடி கொடுத்தது. பக்கத்தில் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருப்பதால் வனவிலங்கு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்றது தீர்ப்பாயம். 2021-இல் திட்டத்தைக் கைவிடும்படி முதலமைச்சர் பிரதமரிடம் கேட்டார். 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்திலும் அனுமதிக்க மாட்டோம் என்றே சொன்னது. இடைப்பட்ட காலத்தில் மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையைப் பெயர்த்தெடுத்து, அகலப்பாதை போட்டு, 2023 ஜூனில் போடிக்கு ரயிலும் வந்துவிட்டது. மலைக்குள் சுரங்கம் தொடங்கவே இல்லை.

எதிர்த்தவர்களை அறியாதவர்கள் என்று பேசும் சில நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து கதிர்வீச்சு கசியும், ஆயுதம் செய்வார்கள் என்றெல்லாம் பரவிய பேச்சில் உண்மை கிடையாது. சூரியனிலிருந்து மட்டும் நம் விரல் நகத்தளவு இடத்தில் நொடிக்கு 6,500 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து போய்க்கொண்டிருக்கின்றன, ஒன்றும் ஆவதில்லை. இதை விளக்கிக்கொண்டிருந்தபோது பொட்டிப்புரத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார்: “வாத்தியாரய்யா, துகளு ஒண்ணும் செய்யாதுங்குறீங்க, சரி. வெடி வச்சா மலை சும்மா இருக்குமா? எங்க ஊத்து எங்கிட்டுப் போகும்? ஆட்ட நான் எங்கிட்டு ஓட்டுவேன்?” அவர் கேட்டது இயற்பியல் கேள்வியே அல்ல. மண்ணியலும் நீரியலும் மேய்ச்சல் உரிமையும் சேர்ந்த கேள்வி. அதற்கு ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து, அவர் மொழியில், கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்ல வேண்டியவர்கள் முதல் நாளே வந்திருக்க வேண்டும். விளக்கக் கூட்டங்கள் நடந்தன, துண்டறிக்கைகளும் வந்தன. அச்சம் வேரூன்றிய பிறகு வந்தன.

மலை நின்றாலும் மதுரையில் வேலை நிற்கவில்லை. பலருக்குத் தெரியாத செய்தி இது. மூலத்திட்டத்தின் சிறு வடிவம் 2018 முதல் மதுரை உயர் ஆற்றல் இயற்பியல் மையத்தில் இயங்குகிறது. நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் இரும்புத் தகடுகள், பதினொரு அடுக்கு, மொத்தம் 85 டன். அடுக்குகளின் இடைவெளியில் கண்ணாடிக் கருவிகள்: 3 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு கண்ணாடிகள், நடுவே 2 மில்லிமீட்டர் இடம், அதில் வாயு ஓடுகிறது, இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 10,000 வோல்ட். விண்கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மின்னேற்றமுள்ள மியூவான் துகள் ஒன்று ஊடுருவினால் அந்த வாயுவில் நுண்ணிய மின்கசிவு. எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று கணினி குறித்துக்கொள்ளும். திரையில் புள்ளிகளாக விழும் தடத்தைப் பார்த்தால் அது நேர்க்கோடாக இருக்காது, காந்தப் புலத்தால் மெல்ல வளையும். ஒரு பக்கம் வளைந்தால் நேர்மின், மறுபக்கம் வளைந்தால் எதிர்மின். நியூட்ரினோ இரும்பில் மோதும்போதும் மியூவான் பிறக்கும்; அதன் மின்னேற்றத்தை வைத்து நியூட்ரினோவையும் எதிர் நியூட்ரினோவையும் பிரித்தறிவதற்குப் பெரிய கருவி நம்பியிருந்தது இந்த வளைவைத்தான்.

இதற்கு முன்பே மதுரையில் பன்னிரண்டு கண்ணாடிக் கருவிகளை மேலும் கீழுமாக அடுக்கி, ஆராய்ச்சி மாணவர்கள் மியூவான் அளவீடுகள் எடுத்தார்கள். நம் ஊர் புவிக்காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகே இருப்பதால் ஆற்றல் குறைந்த விண்கதிர்களைப் பூமியின் காந்தமே திருப்பி அனுப்பிவிடுகிறது. தப்பி வருபவற்றிலும் கிழக்கைவிட மேற்கிலிருந்து வருபவை அதிகம். மதுரை வானத்தைப் பற்றிய இந்தக் கணக்கு பன்னாட்டு ஆய்விதழ்களில் இருக்கிறது. நம் கல்லூரி நூலகங்களில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பார்கள்?

அடுத்த வேலை இன்னும் முக்கியம். ஒரு கிலோமீட்டர் பாறை எதற்கு? நியூட்ரினோவின் தடயத்தை மறைத்துவிடும், மேலிருந்து வரும் மியூவான்களைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைப்பதற்கு. கருவியைச் சுற்றி ஒளிரும் பிளாஸ்டிக் பட்டைகளால் வேலி கட்டி, வரும் மியூவான்களில் 99.99 சதவீதத்தை அடையாளம் கண்டு கணக்கிலிருந்து தள்ள முடிந்தால், நூறு மீட்டர் ஆழமே போதுமானதாக இருக்கலாம். மதுரைக் கருவியைச் சுற்றி அந்த வேலியைக் கட்டிச் சோதிப்பதுதான் இப்போதைய முயற்சி. பலித்தால் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தொடாமலேயே இடம் தேடலாம். பெரியவரின் கேள்விக்கு அறிவியல் தரக்கூடிய நேர்மையான பதில் அதுவாக இருக்கும்.

காலம் காத்திருக்காது. நியூட்ரினோ வகைகளில் எது கனம், எது இலேசு என்ற வரிசையைக் கண்டுபிடிப்பது பொட்டிப்புரத்தின் தலையாய நோக்கம். அதே நோக்கத்தோடு சீனாவில் கட்டிய ஜூனோ ஆய்வகம், 20,000 டன் ஒளிரும் திரவத்தோடு, 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது.

மலை வேண்டாம் என்று ஊர் சொன்னால் மலையை விட்டுவிடலாம். மதுரையில் இருக்கும் 85 டன் இரும்பையும், அதைக் கட்டிப் பழகிய கைகளையும் விடக் கூடாது. மத்திய அரசு அதற்குப் பணம் ஒதுக்கட்டும். மாநில அரசு அதை நம் ஆய்வகம் என்று ஏற்கட்டும். கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மையத்துக்கு எழுதி அனுமதி கேளுங்கள், மாணவர்களை அழைத்துப் போய்த் திரையில் விழும் அந்தத் தடத்தைக் காட்டுங்கள், கோலாரின் கதையையும் அன்றே சொல்லிவிடுங்கள்.