மந்திரவாதத்தில் டாக்டர் பட்டம் வாங்கச் சில யோசனைகள்

மந்திரம் கற்க குரு வேண்டும். மந்திரத்தை ஆராய 'கைடு' போதும். முன்னதில் பிசகினால் ரத்தம் கக்கிச் சாக வேண்டும் என்பார்கள். பின்னதில் பிசகினால் இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டு வரச் சொல்வார்கள், அவ்வளவுதான். உயிர்மேல் ஆசை உள்ளவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம். வேலைவாய்ப்பைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

இப்படியெல்லாம் ஒரு படிப்பா என்று வீட்டில் கேட்பார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஹெர்மெட்டிக் என்னும் மறைஞானத் தத்துவத்தின் வரலாற்றுக்கென்றே 1999-இல் ஒரு பேராசிரியர் பதவி உருவானது என்று சொல்லுங்கள். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் மந்திரத்துக்கும் மறைவித்தைக்கும் 2024-இல் முதுகலைப் படிப்பே தொடங்கிவிட்டது, அதை நடத்துவது அரபு, இஸ்லாமிய ஆய்வு நிறுவனம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் அமைதி நிலவும். அப்புறம் யாராவது ஒருவர் கேட்பார்: "அது சரி, பலிக்குமா?"

இந்தக் கேள்விக்கு மாட்டாமல் ஐந்தாறு வருடம் ஓட்டுவதுதான் இந்தப் படிப்பு. வழிமுறைகள் வருமாறு:

1. எந்தத் துறை என்று முடிவு செய்யுங்கள்

பலிக்குமா என்று கேட்காமலிருக்க ஒவ்வொரு துறையும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. மானிடவியல்காரர் அதனால் சமூகத்துக்கு என்ன பயன் என்று கேட்பார். வரலாற்றுக்காரர் யார் நம்பினார்கள், எப்போது விட்டார்கள் என்பார். வேதியியல்காரர் பொருளை வாங்கி இயந்திரத்துக்குள் வைத்துவிடுவார்.

முதலாம் எலிசபெத் அரசிக்கு ஜோதிடம் பார்த்த ஜான் டீயுடையது என்று ஒரு கரிய எரிமலைக் கண்ணாடி பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. டீ, தேவதைகளோடு பேச முயன்றவர். 2021-இல் எக்ஸ்ரே கொண்டு அதைச் சோதித்து, கல் மெக்சிகோவின் பச்சூக்கா பகுதியைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்தார்கள். தேவதைகள் எந்தப் பகுதி என்பது சோதனையின் வரம்புக்குள் வரவில்லை. எதை வரம்புக்கு வெளியே வைப்பது என்று தெரிந்தவரே நல்ல ஆய்வாளர்.

2. வெயில் ஒத்துக்கொள்ளாது என்றால் நாற்காலியை விட்டு எழ வேண்டாம்

முன்னோடி, மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃப்ரேசர். 1890-இல் இரண்டு தொகுதியாக வந்த அவருடைய 'பொற்கிளை', மூன்றாம் பதிப்பில் பன்னிரண்டு தொகுதியானது. எல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியது. பழங்குடி மக்கள் யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டபோது, 'ஐயோ, ஆண்டவா!' என்று பதறினாராம். ஆனாலும் மந்திரத்தை அவர் இரண்டே விதிக்குள் அடக்கியதை யாரும் மறக்கவில்லை. உருவம் ஒத்திருந்தால் விளைவும் ஒத்திருக்கும்: பொம்மை செய்து ஊசி குத்துவது இந்த வகை. ஒருமுறை ஒட்டியிருந்தால் பிரிந்த பின்னும் உறவு விடாது: தலைமுடியும் காலடி மண்ணும் திருடிப்போவது அந்த வகை.

சிரிக்கிற நண்பர்களுக்கு இந்த விதிகளைச் செய்து காட்டலாம். 1986-இல் உளவியலாளர் பால் ரோசினும் சகாக்களும் ஒரு சர்க்கரைப் பெட்டியைக் கண்ணெதிரே பிரித்து இரண்டு பாட்டிலில் கொட்டினார்கள். வந்தவர்களையே ஒன்றில் 'சர்க்கரை', மற்றொன்றில் 'சயனைடு' என்று சீட்டு ஒட்டச் சொன்னார்கள். பிறகு இரண்டையும் தண்ணீரில் கரைத்து நீட்டினால், தானே ஒட்டிய சீட்டென்று தெரிந்தும் சயனைடு பாட்டில் பக்கம் கை நீளத் தயங்கியது.

3. களப்பணிக்குப் போனால் ரசீது வாங்கி வையுங்கள்

மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் தெற்கு சூடானின் அசாண்டே மக்களிடையே தங்கி எழுதிய புத்தகம் 1937-இல் வந்தது. அதில் ஒரு காட்சி: நிழலுக்கென்று குதிரின் அடியில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குதிர் சரிந்து மேலே விழுகிறது. கால்களைக் கரையான் அரித்ததுதான் காரணம் என்று அசாண்டேக்களுக்கும் தெரியும். இத்தனை நாள் நின்றது, சரியாக இவர்கள் உட்கார்ந்திருந்தபோது ஏன் விழுந்தது என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்குக் கரையானிடம் பதில் இல்லை, சூனியத்திடம் இருந்தது.

சந்தேகம் வந்தால் அங்கே கோழிக்கு விஷம் கொடுத்துக் குறி பார்ப்பார்கள். செத்தால் ஒரு பதில், பிழைத்தால் வேறு பதில். எவன்ஸ்-பிரிட்சர்டும் தன் வீட்டு விவகாரங்களை அப்படியே நடத்திப் பார்த்துவிட்டு, வேறெந்த முறைக்கும் இது குறைவில்லை என்று எழுதினார். நீங்களும் செய்யலாம். ஆனால் கோழி வாங்கிய செலவை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்

மேற்கு பிரான்சின் கிராமங்களில் சூனியத்தைப் பற்றி விசாரிக்கப் போனார் மானிடவியலாளர் ஜான் ஃபாவ்ரே-சாதா. அதெல்லாம் அந்தக் காலம், இங்கே ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இந்த அம்மாளுக்கே யாரோ வைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் வந்த பிறகுதான் வாய் திறந்தார்கள். கடைசியில் அவரும் சூனியம் எடுப்பவரிடம் போய் உட்கார்ந்தார். அங்கே ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க இடமே கிடையாது என்று 1977-இல் எழுதிய புத்தகத்தில் சொன்னார். ஆகவே கேள்வித்தாளைப் பையிலேயே வைத்திருங்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் போனால் தகவல் தானாக வரும்.

5. கேலி செய்தால் நியூட்டனைக் காட்டுங்கள்

நியூட்டன் ரசவாதம் பற்றி எழுதிக் குவித்தது சுமார் பத்து லட்சம் சொற்கள். அறிவியல் மதிப்பில்லை என்று கேம்பிரிட்ஜ் அவற்றை 1888-இல் குடும்பத்துக்கே திருப்பி அனுப்பியது. 1936-இல் ஏலத்துக்கு வந்தபோது, தேடித்தேடி வாங்கியவர்களில் பொருளாதார அறிஞர் கெயின்ஸும் ஒருவர். மானியக் குழு முகம் சுளித்தால் இந்தக் கதையை இயற்பியல் பேராசிரியர் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள்.

6. வாய்மொழித் தேர்வில் கையுறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்பார்: "பலிக்குமா?" பலிக்கும் என்றாலும் ஒரு வரி, பலிக்காது என்றாலும் ஒரு வரி. பல்கலைக்கழகம் கேட்பதோ முந்நூறு பக்கம். அதற்கு வழி இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இருக்கிறது.

ரோமானியர் காலத்து வெந்நீர் ஊற்றிலிருந்து அங்கே சுமார் 130 சாபத் தகடுகள் எடுத்தார்கள். நம் ஊர்ச் செப்புத் தகடு மாதிரி, ஆனால் பெரும்பாலும் ஈயம். எழுதிச் சுருட்டி, சூலிஸ் மினெர்வா தேவியின் ஊற்றில் போட்டிருக்கிறார்கள். பலதும் குளிக்கப் போன இடத்தில் துணி திருட்டுப் போன புகார். டோசிமெடிஸ் என்பவருக்கு இரண்டு கையுறை காணோம். எடுத்தவன் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று கேட்கிறார். சில தகடுகளில் எழுத்து பின்னிருந்து முன்னாக ஓடுகிறது.

திருடன் கண் போயிற்றா என்று கேட்டால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும். கையுறைக்குக் கண்ணைக் கேட்கும் அளவுக்கு அதன் விலை என்ன, புகாரை ஏன் அதிகாரியிடம் விட்டுத் தேவியிடம் கொடுத்தார், தகடு எழுதத் தெரிந்தவர் யார், ஏன் பின்னிருந்து முன்னாக எழுதினார்? ரோமானியப் பிரிட்டனில் சாமானியர் எதற்குக் கோபப்பட்டார்கள் என்பதை எந்தப் பேரரசரின் கல்வெட்டும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. பலிக்குமா என்பதைக் கேட்காமல் விட்டதால் கிடைத்த லாபம் இது என்று தேர்வாளருக்கு நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கும் ரயிலுக்கு நேரமாகியிருக்கும்.

7. பட்டம் வந்த பிறகு

வாசலில் பெயர்ப்பலகை மாட்டும்போது 'டாக்டர்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துறையையும் போட்டால் காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கும். வருகிறவர்கள் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். முந்நூறு பக்கம் படிக்கும் பொறுமை இருக்காது.