கணக்கில் புலி, வகுப்பில் கொட்டாவி

கேள்வி: ஐந்தாவது படிக்கும் என் மகன் எட்டாம் வகுப்புக் கணக்கை அநாயாசமாகப் போடுகிறான். வகுப்பில் கொட்டாவி விடுகிறான் என்று டீச்சர் புகார். டபுள் பிரமோஷன் கேட்கலாமா?
(ஒரு தாய், நாமக்கல்)

பதில்: முடித்த கணக்கையே இன்னும் இருபது தரம் போடச் சொன்னால் யாருக்குத்தான் கொட்டாவி வராது? கெட்டிக்காரப் பிள்ளைக்கு நம் பள்ளிகள் தரும் உச்சபட்ச பதவி, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் லீடர் வேலை!

ஆனால் டபுள் பிரமோஷனுக்கு அவசரப்படாதீர்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டெரன்ஸ் டாவ் என்ற சிறுவனை, எட்டு வயதில் கணக்குக்கு ஒரு வகுப்பு, ஆங்கிலத்துக்கு அதைவிடக் கீழே ஒரு வகுப்பு என்று பாடத்துக்குத் தக்கபடி உட்கார வைத்தார்கள். 1988-ல் சர்வதேச கணித ஒலிம்பியாடில் தங்கம், 2006-ல் கணித உலகின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம். இதற்கு நேர்மாறான நம் கணித மேதை ராமானுஜன் கதை தெரியுமல்லவா? மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையே போயிற்று.

கணக்குப் பீரியடுக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்கார ஹெட்மாஸ்டரிடம் அனுமதி கேளுங்கள். 'டைம்டேபிள் இடிக்கும்' என்பார், விடாதீர்கள். விளையாட்டுப் பீரியடில் அவன் தன் வகுப்போடே ஆடட்டும். அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்!