வர்ணம் திருத்தும் திருகு

அந்நாளைய ஐ.பி.எம். பி.சி.யின் மதர்போர்டில் நிறம் திருத்தவென்றே ஒரு குட்டித் திருகு வைத்தார்களாமே. கணிப்பொறிக்கு நிறம் ஒரு கேடா?

நிறத்துக்காகத் தன் வேகத்தையே விட்டுக்கொடுத்த யந்திரமாயிற்றே அது! 1981-இல் வெளிவந்த அந்த யந்திரத்தைக் கலர் கார்டின் வாயிலாக வீட்டு டி.வி.யோடும் இணைக்க இடம் வைத்து, அமெரிக்க வர்ண ஒளிபரப்புக்கு ஆதாரமான 3.579545 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சரியாக நான்கு மடங்கான 14.31818 மெகாஹெர்ட்ஸில் அதிரும் ஸ்படிகத்தை அமைத்து, அதையே மூன்றால் வகுத்து, 5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடவல்ல 8088 பிராசசரை 4.77-லேயே ஓடவிட்டார்கள். அந்த ஸ்படிகம் சற்றுப் பிசகினாலும் டி.வி. நிறத்தை இனங்காணாது கறுப்பு வெள்ளைப் படத்தையே காட்டிவிடக்கூடும். அந்தப் பிசகைத் திருத்துவதற்கே டிரிம்மர் என்னும் அச்சிறு மின்தேக்கி. ஆர்.ஜி.பி. மானிட்டர் வைத்திருப்போர் அதைத் தொடவே வேண்டியதில்லை.

அதைத் திருப்பினால் யந்திரத்தின் வேகம் கூடுமா?

அணுவளவு கூடும், ஆனால் எந்தக் கடிகாரத்தை வைத்து அளப்பீர்கள்? யந்திரத்துக்குள் நொடிக்கு ஏறக்குறைய 18.2 முறை துடிக்கும் நேரக் கணக்கும் அதே ஸ்படிகத்தின் பிள்ளைதானே. தகப்பன் விரைந்தால் பிள்ளையும் கூடவே விரையும்.

திருத்துவதாயின் பிளாஸ்டிக் திருப்புளியையே கையாளுங்கள்: இரும்பு முனை தன் மின்தேக்கத்தையும் அதனோடு சேர்த்துவிடுமாதலால், கண்ணுக்கு நிறைவாய் அமைந்த நிறம் கருவியை எடுத்த க்ஷணமே மறுபடி பிசகிவிடும்.