ஒன்றேகால் கன அடி காற்று

நாற்பத்தாறு வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும். எனக்கு சப்வூஃபர் வந்தது.

சர்க்கரையைப் போலவே இதுவும் திடீரென்று வந்ததல்ல. ரொம்ப நாளாக உள்ளே இருந்திருக்கிறது. கரூரிலிருந்து கோவைக்குக் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில், வெள்ளக்கோவில், காங்கேயம், பல்லடம் வழியாகப் போகும் தனியார் பஸ்ஸில் எனக்குக் கடைசி சீட்டுதான் பிடிக்கும். தூக்கிப் போடும் என்று எல்லாரும் ஒதுங்குகிற சீட்டு. அதற்கு அடியில்தான் வூஃபர் பெட்டி இருக்கும். இளையராஜா பாட்டில் வயலின்கள் மேலே போய்க்கொண்டிருக்க, பேஸ் கிட்டார் கீழே தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு வரும் அல்லவா, அது அந்த சீட்டில் காது வழியாக வராது. முதுகுத்தண்டு வழியாக ஏறும். வெள்ளக்கோவிலில் ஏறியது பல்லடத்தில்தான் இறங்கும்.

போன வருஷம் பழைய கார் ஒன்று வாங்கினேன். சின்ன கார், டிக்கி 177 லிட்டர். முதல் வேலையாக அதே பாட்டைப் போட்டேன். குரல் இருந்தது, வயலின் இருந்தது, பேஸ் கிட்டாரைக் காணோம். சம்பளப் பாக்கிக்காக ஒருவர் மட்டும் கச்சேரிக்கு வராமல் போன மாதிரி. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கார்க் கதவில் இருக்கும் ஸ்பீக்கரோ அப்பளம் அளவு. அதனிடம் 41 ஹெர்ட்ஸ் கேட்பது, ஒன்றாம் வகுப்புப் பையனிடம் நெல்லு மூட்டையைத் தூக்கச் சொல்வது.

ஆகவே கடைக்குப் போனேன். பன்னிரண்டு அங்குல வூஃபர் ஒன்றும், மேலே ‘3000 வாட்ஸ்’ என்று தங்க எழுத்தில் எழுதிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வாங்கினேன். பெட்டி வேண்டாமா என்று கடைக்காரர் கேட்டார். வெறும் மரப்பெட்டிக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு, சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு நான் பின்னால் கொடுத்த விலை அதைவிட அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் ஆசை தாங்கவில்லை. ஹோம் தியேட்டரில் இருந்து இரண்டு ஒயரைப் பிடுங்கி, வூஃபரைச் சாப்பாட்டு மேசையில் மல்லாக்கப் போட்டு, பாட்டை வைத்தேன். நடுவில் இருக்கும் கூம்பு தவளைத் தொண்டை மாதிரி குதிக்கிறது. மேசையில் இருந்த உப்பு டப்பா நகர்கிறது. சத்தம் மட்டும் தகர டப்பாவுக்குள் யாரோ கிசுகிசுப்பது போல வருகிறது.

“இதுக்கா இத்தனை காசு?” என்றாள் மனைவி. கேள்வி நியாயமானது. பதில் இயற்பியலில் இருக்கிறது. கூம்பு முன்னால் போகும்போது முன்பக்கக் காற்றை அழுத்துகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. நடுவில் தடுப்பு இல்லையென்றால் முன்னால் அழுத்திய காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னால் ஓடி, அங்கே இருக்கும் பள்ளத்தை நிரப்பிவிடும். வரவும் செலவும் சரி. கையில் ஒன்றும் மிஞ்சாது. பின்பக்கத்துக் காற்றைச் சிறை வைக்கத்தான் பெட்டி. பலாமரத்தைக் குடைந்து வெறும் காற்றை உள்ளே வைத்து இரண்டு பக்கமும் தோல் கட்டிய தவிலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். எனக்கு இது மேசையில் உப்பு டப்பா நகரும்போதுதான் புரிந்தது.

எங்கள் ஊர் பஸ் பாடி கட்டுவதற்குப் பேர் பெற்றது. ஒரு பட்டறையில் பஸ்களுக்கு சவுண்ட் செட் பொருத்துகிற ஒருவரைத் தேடிப்போனேன். மெலிந்த மனிதர்; பேசுவதற்கே வாட்ஸ் கணக்குப் பார்ப்பவர். ஆம்ப்ளிஃபயரைக் கையில் வாங்கி, தங்க எழுத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பக்கவாட்டில் செருகியிருந்த ஃபியூஸைப் பார்த்தார்.

“முப்பது ஆம்பியருங்க.”

“ஆனா மூவாயிரம் வாட்ஸ்னு…”

“வண்டி ஓடறப்ப பதினாலு வோல்ட்டு சொச்சம். முப்பதால பெருக்குங்க.”

பெருக்கினேன். 432. அதுவும் உள்ளே போகும் மின்சாரம். சூடாகப் போவது போக, வெளியே வருவது முந்நூறு, முந்நூற்று ஐம்பது வாட்ஸ்.

“அப்ப மீதி?”

“அது அட்டைப்பெட்டிக்குங்க.”

அன்றிலிருந்து எந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாலும் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, ஃபியூஸைப் பார்க்கிறேன். உச்ச வாட்ஸ் என்பது கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் போடுகிற பட்டம், ஆர்.எம்.எஸ். வாட்ஸ் என்பது அவர் மாதா மாதம் வீட்டுக்குக் கொண்டுவருவது.

முந்நூறே போதும் என்று அவரே ஆறுதலும் சொன்னார். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஏறுவது வெறும் மூன்று டெசிபல். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்றச் சுமார் பத்து டெசிபல் ஏற வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட்ஸ். “வாட்ஸை விடுங்க, பெட்டியைப் பாருங்க” என்றார். பஸ்ஸுக்கு என்றால் துளை வைத்த பெரிய பெட்டி. சின்ன காருக்கு நாலு பக்கமும் அடைத்த சின்னப் பெட்டி. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். என் கார் மூன்றரை மீட்டர்கூட இல்லை. அலைக்கு உள்ளே ஓட இடமில்லாததால் கார் முழுக்க ஒரே காற்றழுத்தமாக ஏறி இறங்கும். அடி சுரத்தைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். சின்ன கார் வாங்கியதற்காக என்னை யாராவது பாராட்டியது அதுதான் முதல் தடவை.

வூஃபருடன் வந்த தாளில் தீல், ஸ்மால் என்று இரண்டு பேர் பெயரில் ஒரு அட்டவணை. நெவில் தீல் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் 1961இல் தொடங்கி வைத்து, சிட்னியில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் விரித்தெழுதிய கணக்கு அது. எந்த வூஃபருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை அதை வைத்து முன்கூட்டியே சொல்லிவிடலாம். என் வூஃபருக்கு வந்த விடை ஒன்றேகால் கன அடி. அந்த விடையோடு எங்கள் தெரு ஆசாரியிடம் போனேன். கட்டில், பீரோ, வாசல் நிலை, சுவாமி அலமாரி எல்லாம் செய்து தழும்பிய கை.

“ஒன்றேகால் கன அடி வேணுங்க.”

“தேக்குங்களா, வேம்புங்களா?”

“மரம் இல்லைங்க. காத்து.”

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். மறுபடியும் செருகிக்கொண்டார்.

“மரத்தைக் கன அடியில வாங்குவாங்க. மணலை யூனிட்ல வாங்குவாங்க. காத்தைக் கன அடியில கேக்கறவரை இப்பத்தானுங்க பாக்கறேன்.”

அட்டவணையைக் காட்டி விளக்கினேன். அதில் ‘வாஸ்’ என்று ஒரு வரி உண்டு. கூம்பைத் தாங்கும் விளிம்பின் விறைப்பு எவ்வளவு காற்றின் விறைப்புக்குச் சமம் என்பதைச் சொல்வது. நான் வாஸ் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “அதை முதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க. தென்மேற்கு மூலையில வெச்சுப்போடலாம்.” கார் திரும்பினால் தென்மேற்கும் திரும்புமே என்று நான் கேட்கவில்லை. தேக்கு வேண்டாம், பதினெட்டு மில்லி எம்.டி.எஃப். போதும் என்றதில்தான் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். தேக்கு அழகாக இருக்கும்; ஆனால் இங்கே வேண்டியது கனத்துக் கிடக்கிற, கூடவே பாடாத பலகை.

ஒரு தாளில் 16½ × 12½ × 10½ அங்குலம் என்று எழுதிக் கொடுத்தேன். பெருக்கி 1728ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்றேகால் வரும். நான்கு நாளில் பெட்டி வந்தது. மூலை ஒவ்வொன்றும் அப்படி ஒரு சுத்தம். பெட்டிக்குள் விளக்கு வைத்தால்கூட வெளிச்சம் கசியாது. டேப்பை வைத்து அளந்தேன்: 16½, 12½, 10½. வெளியே.

உள்ளே பதினைந்து, பதினொன்று, ஒன்பது. முக்கால் கன அடிக்குக் கொஞ்சம் மேல். வூஃபருக்குத் துளை போட்டால் பக்கப் பலகையில் ஸ்க்ரூ பிடிக்கக்கூட இடம் இருக்காது.

“உள்ளளவுங்க அது!”

“பீரோவுக்கு எல்லாரும் வெளியளவுதானுங்க சொல்லுவாங்க. உள்ள என்ன வெக்கறாங்கன்னு நான் கேக்கறதில்லை.”

தப்பு என்னுடையதுதான். இரண்டாவது பெட்டிக்கும் காசு கொடுத்தேன். வெளியே 18 × 14 × 12, உள்ளே சரியாக ஒன்றேகால். வெறும் பலகை மட்டுமே அரைக் கன அடியைத் தின்றுவிடுகிறது. மூட்டுகளில் ஃபெவிகால், உள்மூலைகளில் சிலிக்கான், மேலே எங்கள் ஊர்த் திரைச்சீலைத் துணி. முதல் பெட்டி துளையே இல்லாமல் வாசலில் ஸ்டூலாக நிற்கிறது. அப்பா அதில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுகிறார். எண்பது கிலோ தாங்கும் என்று உத்தரவாதத்துடன் சொல்வேன்.

ஒயர் வேலை ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரிடம். பேட்டரியிலிருந்து டிக்கி வரை நான்காம் நம்பர் ஒயர். நம்பர் குறையக் குறையத் தடிமன் கூடும். உலகத்துக்கு விளங்காத இந்தக் கணக்கு ஜவுளி ஊரில் பிறந்தவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நூல் கவுண்ட் அப்படித்தானே, அறுபதாம் நம்பர் இழை இருபதாம் நம்பரைவிட மெலிசு. கடையில் மலிவாகக் கிடைத்த ஒயரை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. அந்தக் கலப்படமும் எங்கள் தொழிலில் பழகியதுதான். நல்ல செம்பு ஒயராகவே வாங்கி, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸும் போடச் சொன்னேன். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால், ஃபியூஸ் இல்லாத கார் கற்பூரம்.

எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டோம். நிசப்தம். ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு எரிகிறது, வூஃபர் தியானத்தில் இருக்கிறது. என் வூஃபருக்குள் நான்கு ஓம் கம்பிச்சுருள், அதாவது காயில், இரண்டு. பக்க இணைப்பில் கொடுத்தால் இரண்டு ஓம், தொடராகக் கொடுத்தால் எட்டு. நம் ஆள் பக்க இணைப்புதான் கொடுத்திருந்தார். ஆனால் ஒரு காயிலுக்கு பிளஸ் மைனஸ் மாற்றி. ஒன்று முன்னால் தள்ள, அதே பலத்தில் மற்றது பின்னால் இழுக்க, முந்நூறு வாட்ஸும் உள்ளேயே பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருந்தது.

அதை மாற்றியதும் சத்தம் வந்தது. கூடவே ‘ஙீ…’ என்று இன்னொன்றும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறுகிறது. கொசுவலைக்குப் பேர்போன ஊரில் காருக்குள் கொசு! பெயின்ட் மேலேயே எர்த் ஸ்க்ரூவை முறுக்கியிருந்தார்கள். டிக்கிக்குள் ஒரு ரூபாய் அளவு பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிய, அங்கே முறுக்கியதும் கொசு செத்தது. சொந்தக் காரின் பெயின்ட்டை உப்புத்தாள் வைத்துச் சுரண்டும்போது வயிற்றில் என்ன செய்கிறது என்பதை மொட்டையடிக்கும் குழந்தையின் தாயிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக கெயின். அது வால்யூம் திருகு அல்ல என்று பஸ் பட்டறைக்காரர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். எவரும் கேட்பதில்லை, முழுக்கத் திருகுகிறார்கள், அலையின் தலையும் வாலும் வெட்டுப்பட்டு காயில் கருகுகிறது. முந்நூறு வாட்ஸை இரண்டு ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 24.5 வோல்ட். வூஃபரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டர் அந்த எண்ணைக் காட்டும் இடத்தில் திருகை நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில், சத்தமே வராத காரின் டிக்கிக்குள் தலையை விட்டு ஒரு மணி நேரம் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா மனைவியிடம் ரகசியமாக என் உடம்பைப் பற்றி விசாரித்தார்.

கீழ்ச் சுரங்களை மட்டும் வூஃபருக்கு அனுப்பும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, பழைய பாட்டைப் போட்டேன். பேஸ் கிட்டார் வந்து உட்கார்ந்தது. முதுகுத்தண்டு அடையாளம் கண்டுகொண்டது. அதோடு நம்பர் பிளேட்டும், கண்ணாடியும், டிக்கிக் கதவும் ஆளுக்கொரு தாளம் போட்டன. டேஷ்போர்டுப் பிள்ளையார் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு நூல் திரும்பி, இரண்டாவது சரணத்தில் எங்களுக்கு முதுகு காட்டி ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஸ்பாஞ்சு, பிள்ளையாருக்கு அடியில் இரட்டைப் பக்க டேப். இரவு பத்து மணிக்கு மேல் சட்டம் இருக்கிறது. ஒன்பதுக்கு மேலேயே மனைவி இருக்கிறாள்.

அவள் இன்னமும் ஏன் பெட்டியைத் தூக்கி எறியவில்லை என்றால், அப்பாவால். எண்பத்தொரு வயது. வயதானால் முதலில் போவது கீச்சுக் குரல்களைக் கேட்கும் திறன்தான். பல வருஷமாக அவருக்குப் பாட்டு என்பது வாயசைவு. ஒருநாள் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. புலியூர் தாண்டும்போது சீட்டின் மேல் விரல்கள் தாளம் போடுவதைப் பார்த்தேன். சரியான தாளம்.

“கேக்குதுங்களா அப்பா?”

“கேக்கலடா. தெரியுது.”

இப்போது உழவர் சந்தைக்குப் போகும் நாளில் மட்டும் நான்கு போல்ட்டைக் கழற்றிப் பெட்டியை வெளியே எடுத்து வைக்கிறேன். மற்ற நாள் அது டிக்கியில். நீங்களும் இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் ஃபியூஸைப் பாருங்கள், பெயின்ட்டைச் சுரண்டுங்கள், கெயினை மீட்டர் வைத்து நிறுத்தியபின் தொடாதீர்கள். ஆசாரிக்குத் தரும் தாளில், அளவுகளுக்கு மேலே, பெரிய எழுத்தில், ‘உள்ளளவு’ என்று மறக்காமல் எழுதிவிடுங்கள்.