ஓகேதான்!

1839 மார்ச் 23ஆம் தேதி 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' என்ற அமெரிக்கப் பத்திரிகை ஒரு குறும்பு செய்தது. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' என்று தப்பும் தவறுமாக எழுதினால் வரும் முதலெழுத்துகளை 'ஓகே' என்று அச்சில் போட்டது. 'எல்லாம் சரி' என்பதன் சுருக்கத்தில் ஓர் எழுத்துகூடச் சரியில்லை, அதுதான் ஜோக். அப்போது இப்படி உலவிய மற்ற சுருக்கங்கள் பெரும்பாலும் போன இடம் தெரியவில்லை. இது பிழைத்ததற்கு அடுத்த வருட அதிபர் தேர்தலும் ஒரு காரணம். பதவியில் இருந்த மார்ட்டின் வான் பியூரனின் ஊர் கிண்டர்ஹூக். 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்று அவருக்குப் பட்டம் கட்டி, ஆதரவாளர்கள் 'ஓகே' என்று கோஷம் போட்டார்கள். அவர் தோற்றுப்போனார். கோஷம் இன்னும் பதவியில் இருக்கிறது.

2012இல் 'ஒரு கல் ஒரு கண்ணாடி' படத்தை 'ஓகே ஓகே' என்றும், 2015இல் 'ஓ காதல் கண்மணி'யை 'ஓகே கண்மணி' என்றும் நம்மவர்கள் சுருக்கினார்களே, அந்த பாஸ்டன்காரர்கள் எங்கிருந்தாலும் கைதட்டியிருப்பார்கள்.

ஆனால் அகராதியை நம்பித் தமிழ்நாட்டில் 'ஓகே'வுக்குப் பொருள் கொண்டால் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். எனக்கு இதில் குரு, எங்கள் பகுதி பிளம்பர். "குழாய் ஒழுகுது, காலைல வந்துடுங்க" என்றால், "ஓகே சார்" என்பார். ஒற்றை ஓகே என்றால் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார். "ஓகே சார், ஓகே ஓகே" என்று அடுக்கினால், அவர் வேறு யார் வீட்டு மொட்டை மாடியிலோ டேங்குக்குள் தலையை விட்டிருக்கிறார், போனை வைக்கச் சொல்கிறார் என்று அர்த்தம். "ஓஓ...கே சார்" என்று இழுத்தால் போன தடவை கொடுத்த கூலி போதவில்லை. வாளியை நகர்த்தி வைத்துவிட்டு வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான்.

பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை 'ஓகே' என்றால் சம்மதம். அவன் அம்மா 'ஓகேதான்' என்றால் தரகர் அடுத்த ஜாதகத்தை எடுக்கிறார். தொல்காப்பியர் இந்தத் 'தானை'க் கேட்டிருந்தால் இடையியலில் ஒரு சூத்திரம் கூடியிருக்கும். சினிமா பார்த்தவர் 'ஓகே' என்றால், டிக்கெட் காசு நமக்கு மிச்சம்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வீட்டில் "சாம்பார் எப்படி?" என்று கேட்டால், இங்கிலீஷ் படித்த தைரியத்தில் 'ஓகே' என்று சொல்லிவிடாதீர்கள். இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றச் சொல்லுங்கள். அதுவே போதும்.