மீன்காரரின் ஹோனும் தொடர் அணுகல் கோட்பாடும்: புதுக்குடியிருப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

வாங்கக்கூடும் என்று தோன்றும் ஒருவரை விடாமல் துரத்துவது எப்படி என்பதற்கு இன்று தனிச் சாத்திரமே இருக்கிறது. முதல் நாள் ஒரு மின்னஞ்சல். மூன்றாம் நாள் லிங்க்ட்இனில் ஓர் இணைப்பு அழைப்பு. ஐந்தாம் நாள் தொலைபேசி. எட்டாம் நாள் "முன்பு அனுப்பியதைப் பார்த்தீர்களா" என்ற விசாரிப்பு. கடைசியில், இனித் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொல்லித் தொந்தரவு செய்யும் ஒரு பிரியாவிடைக் கடிதம். இதில் பெரும்பகுதியை மனிதக் கை படாமல் மென்பொருளே செய்து முடிக்கும். இந்தத் தொடர் அணுகல் கலிபோர்னியாக்காரரின் கண்டுபிடிப்பு என்பது அறிஞர் பலரின் நம்பிக்கை. பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் வந்து, புதுக்குடியிருப்புச் சந்தி தாண்டி, ஏதாவதொரு ஒழுங்கைக்குள் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தவருக்கு அந்த நம்பிக்கை இராது.

முன்னாய்வுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1978 மே 3 அன்று, டிஜிற்றல் எக்குவிப்மென்ற் என்ற கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துயர்க், அர்ப்பாநெற் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கேளாமல் வந்த வணிக மின்னஞ்சலின் வரலாறு அங்கே தொடங்குகிறது. அது பற்றிய முறைப்பாடுகளின் வரலாறும் அன்றே தொடங்கிவிட்டது. நமது முல்லைத்தீவு மாவட்டத்தின் சான்று இதற்குப் பல தலைமுறை மூத்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், பாக்குத்தெண்டலில் தொடங்கி, சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கெரித்து, வைகாசித் திங்களில் வந்து முடியும். படிப்படியாக, இடைவெளி விட்டு, ஒவ்வொரு படியிலும் வேறு ஊடகம். நினைவூட்டல் மின்னஞ்சல் ஒன்றும் போகாமலே சனம் இலட்சக்கணக்கில் வந்து சேருகிறது. தெய்வத்தோடு மென்பொருளை ஒப்பிடுவது ஆய்வு ஒழுக்கமல்ல என்பதால் இதை இத்தோடு விட்டு மீனுக்கு வருவோம்.

மீன்காரரின் மோட்டார் சைக்கிளின் பின்னால் றெஜிபோம் பெட்டி, அதற்கு மேல் தராசு, பக்கத்தில் பலகையும் கத்தியும். இதுதான் களஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கருவித் தொகுதி. முதல் அணுகல் ஹோன். ஒழுங்கை முகப்பில் ஒரு நீள ஒலி, பிறகு இரண்டு குறுக்கம். இது பொது அறிவிப்பு. ஒழுங்கையிலுள்ள பூனைகள் உடனே படலைக்கு வந்துவிடும் என்பதால் ஹோன் கேளாதவருக்கும் தகவல் போய்ச் சேரும். எந்த மென்பொருளும் இந்த ஊடகத்தை இன்னும் இணைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது, குரல்: "அக்கா, பாரை கிடக்கு!" மூன்றாவது, கிணற்றடியில் நிற்பவருக்கு மிஸ் கோல். நான்காவது, வட்ஸ்அப்பில் பெட்டியைத் திறந்து எடுத்த படம். விளைமீனும் சூடையும் அடியில் இருந்தாலும் கணவாய் எப்போதும் மேலே இருக்கும். பிரியாவிடைக் கடிதத்துக்கு நிகரானது வண்டியைக் கிளப்பிக்கொண்டு சொல்லும் ஒரு வசனம்: "நாளைக்குக் கடலுக்குப் போகாயினம், பிறகு என்னைப் பேசக் கூடாது."

இதுவரை கலிபோர்னியாவுக்கும் புதுக்குடியிருப்பின் கைவேலிக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம், யாருக்கு எப்போது ஹோன் அடிக்கக் கூடாது என்ற பட்டியலில் இருக்கிறது. மீன்காரர் அதை எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை எந்தெந்த வீட்டில் மச்சம் இல்லை, செவ்வாயும் சேர்த்துப் பிடிக்கிற வீடு எது, நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் சட்டி மாற்றுகிற வீடு எது என்பதெல்லாம் அதில் அடங்கும். அதே வெள்ளி, தவக்காலத்தில் வேதக்கார வீடுகளில் இறைச்சி ஒதுக்கி மீன் வாங்குகிற நாள். ஆகவே ஒரே காலையில், ஒரே ஒழுங்கையில், ஒரு படலையில் வாய் மூடியும் அடுத்த படலையில் வாய் திறந்தும் போகவேண்டியிருக்கிறது. ஐப்பசியில் நிலைமை இன்னும் சிக்கல். கேதார கௌரி விரதம் 21 நாள். அது அமாவாசையில் முடிய மறுநாளே கந்தசஷ்டி 6 நாள். இரண்டையும் பிடிக்கிற வீட்டுக்கு 27 நாள் தொடர் மௌனம். வாடைக்காற்றுக்குக் கடலும் அந்த நாட்களில்தான் கொந்தளிக்கும் என்பது இயற்கை செய்த ஒத்துழைப்பு.

செத்தவீடு தனி அத்தியாயம். ஒழுங்கை முகப்பில் வெள்ளைக்கொடி தெரிந்தால் ஹோனில் கை போகாது. எட்டுச் செலவுக்கு மச்சம் காய்ச்சுகிற வீடும் உண்டு, அந்தியேட்டி முடிய முப்பத்தொன்று வரை தொடாத வீடும் உண்டு. எது எந்த வகை என்று மீன்காரர் கேட்பதில்லை. போன சாவிலேயே தெரிந்து வைத்திருப்பார். காய்ச்சுகிற வீடென்றால், செத்தவருக்கு எந்த மீன் பிடிக்கும் என்பதும் தெரியும், விற்றவர் அவர்தானே. விற்பனைச் சாத்திரத்தில் இதற்கு "வாடிக்கையாளர் தரவைச் செழுமைப்படுத்தல்" என்று பெயர் வைத்து மாதச் சந்தா வாங்குகிறார்கள்.

ஒப்பீட்டுக்குப் பாண் ஓட்டோவையும் பார்க்கவேண்டும். பீத்தோவன் 1810இல் எழுதி, அவர் இறந்து நாற்பது வருடத்தின் பின் 1867இல் அச்சேறிய "எலீஸுக்காக" என்ற பியானோத் துண்டு, இலங்கை முழுவதும் பாணும் கிம்புலா பணிசும் வருகிற சத்தமாகிவிட்டது. எல்லாப் படலைக்கும் ஒரே சுரம், ஒரே வேகம், முழுத் தன்னியக்கம். ஆனாலும் வெள்ளைக்கொடிக்கு முன்னால் பாண்காரரும் அதை நிறுத்திவிடுகிறார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டாத அன்றைக்கு, பாட்டில்லாமல்தான் அவருக்குப் பாண் கூட விற்கும்.

இந்த நிறுத்தம் இல்லாத தொடரையும் ஊர் கண்டிருக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு, மீளக்குடியேறிய வீடுகளின் கூரை முழுதாக முன்னமே நுண்கடன்காரர் வந்து சேர்ந்தார்கள். வாங்கும்வரை ஒரு தொடர், வாங்கிய பின் தவணைக்கு இன்னொரு தொடர்: குறுந்தகவல், அழைப்பு, படலையில் மோட்டார் சைக்கிள், பிறகு குழுக்கடனில் சேர்ந்து கையெழுத்து வைத்த பக்கத்து வீட்டுக்காரி. அயலட்டையையே ஊடகமாக்கிய அந்த வடிவமைப்புக்கு வெள்ளியும் தெரியாது, வெள்ளைக்கொடியும் தெரியாது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடனை அரசு தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. கேளாமல் வரும் விளம்பரச் செய்திகளைப் பொறுத்தவரை, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் வேண்டும் என்கிறது. மீன்காரர் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. "இண்டைக்கு வேண்டாம் தம்பி" என்றால் போய்விடுவார்; ஒரு கிழமைக்கு அந்தப் படலையில் மெதுவாக மட்டும் போவார், ஹோன் அடிக்கமாட்டார்.

ஒரு முரண்தரவு மட்டும் எஞ்சுகிறது. மீன்காரரின் மகன் உயர்தரம் படிக்கிற பிள்ளை. தகப்பனின் தொலைபேசியில் உள்ள இலக்கங்கள் எல்லாவற்றையும் ஒரு வட்ஸ்அப் பட்டியலாக்கி, காலை ஆறு மணிக்குத் தானாகப் படம் போக ஒழுங்குசெய்தான். கந்தசஷ்டியின் நாலாம் நாள், உபவாசம் இருக்கும் ஒரு அன்ரிக்கு உயிர் நண்டின் படம் போயிற்று. தகப்பன் பதறி, சேட்டை மாற்றிக்கொண்டு, பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்கப் போனார். அன்ரி படலையைத் திறக்காமலே சொன்னார்:

"பிள்ளையைப் பேசாதையும் தம்பி. எங்களுக்குப் பாறணை சனிக்கிழமை. ஞாயிறு காலமை ஒரு கிலோ கொண்டு வாரும், பெட்டை நண்டாய்ப் பாரும். பக்கத்து வீட்டுக்குச் சொல்லாதையும்."