சாமியோடு சண்டையா?

கேள்வி: தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். கையெடுக்கும்போதே 'இதெல்லாம் உண்மைதானா?' என்று உள்ளே ஒரு குரல். நான் பக்தன்தானா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பக்தர்களை இரண்டு ரகமாகப் பிரித்தார்கள், அமெரிக்க உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் ராஸும் (1967). மதத்தைப் பயன்படுத்துகிறவர், மதத்தை வாழ்கிறவர். முதல் ரகம் பிரமோஷனுக்காக 108 தேங்காய் நேர்ந்துகொள்ளும். பிரமோஷன் பக்கத்து சீட்டுக்காரருக்குப் போய்விட்டால் பிள்ளையாரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது மனப்போராட்டமே இல்லை, கொடுக்கல் வாங்கல் தகராறு!

பின்னால் வந்த டேனியல் பேட்சன் மூன்றாவதாக ஒரு ரகத்தைச் சேர்த்தார்: தேடுகிறவர். இவர் வீட்டில் சந்தேகம் விருந்தாளி அல்ல, குடும்ப உறுப்பினர். உள்சண்டையும் இவருக்குத்தான் அதிகம். நீங்கள் இந்த ரகம்போலத் தெரிகிறது.

கவலை வேண்டாம். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் புத்தகமானபோது உலகமே திகைத்தது. பல பத்தாண்டுகள் கடவுள் அருகில் இல்லாத இருட்டை அவர் உணர்ந்திருக்கிறார். ஆனால் ஜெபத்தையும் விடவில்லை, நோயாளிகளையும் விடவில்லை.

உறவு இருக்கிற இடத்தில்தான் ஊடல் வரும். முன்பின் தெரியாத ஆளிடம் யார் கோபித்துக்கொள்வார்கள்? நாளைக்கும் விளக்கேற்றுங்கள். சண்டை போடவும் வெளிச்சம் வேண்டுமே!